ஒழுங்கையில் என் பங்கு

எங்கள் வீட்டு வாசலில் றோட்டு இல்லை. முரசுமோட்டை உள்வீதியிலிருந்து இறங்கி, முன்வீட்டுக்காரரின் வேலியோரமாக வந்து, எங்கள் வாசற் படலையில் முடிகிற ஒரு ஒழுங்கைதான் இருக்கிறது. அதால் போய்வருவது நாங்களும் அவர்களும் மட்டும். மண் அவர்களுடையது. என் மாமனார் இந்தப் பின்வளவை வாங்கியபோது, நடந்து போகவும் வண்டில், வாகனம் கொண்டு போகவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று காணி உறுதியில் எழுதி வாங்கியிருந்தார். மாரி மழையில் அந்த மண் சேறாகிப் போனால் யார் வழித்துக் கொட்டுவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

முந்தி அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பிறகு உள்வீதியை உயர்த்தித் தார் போட்டார்கள். றோட்டு நிமிர்ந்தது, ஒழுங்கை தாழ்ந்து போனது. றோட்டில் பெய்கிற மழை முழுக்க ஒழுங்கைக்குள் இறங்கத் தொடங்கியது. ஒழுங்கை வாசலுக்குக் கீழே, றோட்டுக்கரை வாய்க்காலுக்காக ஒரு சீமெந்துக் குழாய் வைத்திருந்தார்கள். அதற்குள் பிளாஸ்டிக் பையும் சருகும் போய் அடைத்தால் வாய்க்கால் தண்ணீரும் உள்ளே வரும். ஒழுங்கையின் நடுவில், முன்வீட்டில் சமைக்கிற குசினிக்கு நேரே, ஒரு பள்ளம் இருந்தது. வருகிற மண்ணெல்லாம் அதில்தான் படியும். கார்த்திகையில் அந்த இடத்தில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது.

எனக்கு அந்த வழியால் நாள் தவறாமல் போயாக வேண்டும். நான் மாடு வளர்க்கிறேன். காலையில் பால் கறந்து, கேனைச் சைக்கிள் கரியரில் கட்டி, பால் சேகரிக்கிற இடத்துக்குக் கொண்டு போகிறவள். பிந்தினால் அவர்கள் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். வீட்டில் நானும் ஏ.எல். படிக்கிற மகளும்.

முன்வீட்டுக்காரரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர் இங்கே பிறந்தவர். சொந்த வயல் செய்கிறார், லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசினைக் கொண்டு போய் மற்றவர்களுக்கும் உழுது கொடுக்கிறார். மனைவி நெளுக்குளத்துப் பெண். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள்.

என் கணவர் வெளிநாடு போன முதல் மாரியில் அண்ணை தானாகவே மண்வெட்டியோடு இறங்கிச் சேறு வழித்தார். நான் படலையடியில் நின்று பார்த்து, "அண்ணை, நானும் வாறன்" என்றேன்.

"விடுங்க தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த மாரியிலும் அவரே செய்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விசயம் எனக்கு விளங்கியது. எப்போது வழிப்பது, எங்கே கொட்டுவது என்பதெல்லாம் அவர் முடிவு. விதைப்புக் காலத்தில் லான்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டியை ஒழுங்கைக்குள்ளேயே விட்டுவிடுவார். நான் சைக்கிளை வேலி முள்ளுக்குள் சாய்த்து, கேனைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவேன். கட்டாக்காலி மாடு வருகிறதென்று ஒருநாள் ஒழுங்கை வாசலுக்குக் குறுக்கே தடி கட்டினார். அதை அவிழ்த்து, சைக்கிளை உள்ளே விட்டு, திரும்பவும் கட்ட வேண்டும். ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் வழியைச் சுத்தம் செய்து தருகிற ஒருவரிடம் போய் என்ன குறை சொல்வது?

ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டேன். "அண்ணை, ஒழுங்கையைப் பற்றி இருந்து ஒருக்காக் கதைப்பமே? பாதி நீங்கள், பாதி நாங்கள் எண்டு பிரிச்சால் நல்லது."

"தம்பி வரட்டும். நாங்க ஆம்பிளையள் கதைச்சுக்கொள்ளுறம்."

"தம்பி கட்டாரிலை, அண்ணை. சேறு இஞ்சை கிடக்கு."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், கோபமில்லாத சிரிப்பு. சிரித்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

அன்று போனில் கணவருக்குச் சொன்னேன். "அந்தாளோடை சண்டை கொழுவாதை" என்றார் முதலில். "அவர்தானே எல்லாம் செய்யிறார். பிறகென்ன?"

"அவர் செய்யிறது உதவி. நான் கேக்கிறது பங்கு."

"ரெண்டிலையும் சேறு போகுதுதானே?"

போனை வைத்த பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுதான் அதற்குப் பதில் வந்தது. பங்கென்றால் தடியை எடுங்கோ என்று சொல்லலாம், பெட்டியைத் தள்ளி விடுங்கோ என்று சொல்லலாம். உதவிக்கு நன்றி மட்டும்தான் சொல்லலாம்.

அடுத்த மழைக்குப் பிறகு, பால் கொடுத்துவிட்டு வந்த கையோடு, எங்கள் படலையிலிருந்து நானே வழிக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, அண்ணை ஓடி வந்தார். "ஐயோ தங்கச்சி, நான் இருக்கேக்க நீங்க இதைச் செய்தா ஊர் என்ன சொல்லும்?" என்று மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பறித்தார் என்றும் சொல்லலாம்.

அவருடைய மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு வெக்கமா இருக்கு அக்கா" என்றாள்.

"உமக்கும் வெக்கமா இருக்கோ?"

"எனக்கென்ன? நான் வயல்ல முழங்கால் சேத்தில நாத்து நடுறன். அதப் பாத்து ஊர் ஒண்டும் சொல்லுறதில்லயே."

இப்படியே இழுபட்டுப் போயிருக்கும். அதற்குள் என் மச்சாள் வந்தா. கணவரின் மூத்த அக்கா, யாழ்ப்பாணத்தில் இருப்பவ. அவ வந்த ஓட்டோக்காரன் சேற்றைப் பார்த்துவிட்டு ஒழுங்கைக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே இறக்கிவிட்டான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தா. நான் எதிரே போய்ப் பையை வாங்கினேன். பள்ளத்தடியில் நின்று உரத்த குரலில் சொன்னா:

"இதென்னடி கோலம்? உந்த முன்வீட்டு ஆளைக் கூலிக்குப் பிடிச்சு ரெண்டு நாள் விட்டியெண்டால் ஒழுங்கை முடிஞ்சுது. உவையள் மண்வேலை செய்யிற ஆக்கள்தானே."

"மச்சாள், இது அவையின்ரை மண்" என்றேன், மெதுவாக.

"மண் ஆரின்ரை எண்டால் என்ன, வேலை செய்யத் தெரிஞ்சவன் செய்யட்டுமன்."

வேலிக் கதியால்களுக்கு அந்தப் பக்கம் அண்ணை லான்ட்மாஸ்டரின் சில்லைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டிய கையோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்கையில் கை வைக்கவில்லை. சண்டை போடவும் இல்லை. இழுவைப் பெட்டியைத் தன் வளவுக்குள் எடுத்துவிட்டார். குறுக்குத் தடியையும் அவிழ்த்து வேலியில் சாத்திவிட்டார். எனக்கு இடைஞ்சலாக இருந்தவை எல்லாம் போய்விட்டன. ஆனால் ஒழுங்கை எனக்கு அதிலிருந்துதான் பிடிக்காமல் போனது.

மச்சாள் போன பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் இருந்து மண்ணெண்ணெய்யில் ஏதோ சாமான் கழுவிக்கொண்டிருந்தார். கதிரையைக் காட்டினார். நான் அதில் இருந்தேன்.

"அண்ணை, அண்டைக்கு மச்சாள் கதைச்சது..."

"நீங்க சொல்லயில்லயே தங்கச்சி. எனக்குத் தெரியும்."

"பிறகேன் ஒழுங்கையை விட்டனீங்கள்?"

கழுவிய சாமானைத் துணியில் துடைத்தார். "எங்கப்பா இஞ்ச வந்த புதுசுல அவரை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'மண்வேல ஆள் வந்திருக்கு' எண்டுதான் உள்ள போய்ச் சொல்லுவாங்க. நான் பக்கத்தில நிப்பன். இப்ப நான் மண்வெட்டியோட உங்கட படலையடில நிண்டா, போறவன் வாறவன் அதைத்தான் நினைப்பான். நான் அயலுக்காகத்தான் செய்தன். ஆனா பாக்கிறவனுக்கு அது தெரியுமா?"

நான் அதுவரை என் பக்கத்தை மட்டும்தான் யோசித்திருந்தேன். அந்த வேலைக்கு ஒரு பெயர் இல்லாதது அவரையும் உறுத்தும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அதுக்குத்தான் அண்ணை நான் பங்கு எண்டு கேக்கிறன். நீங்களும் நானும் சேந்து நிண்டு செய்தால் ஒருத்தரும் கூலி எண்டு நினைக்கேலாது."

அவர் வெளியே பார்த்து, "மழை இருட்டுது. மாட்டைக் கட்டிப்போட்டிட்டே வந்தனீங்க?" என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அந்த மாரியில் முழு ஒழுங்கையையும் நான் தனியே பார்த்தேன். சேறு வழிப்பது கடினமான வேலை என்று சொல்ல முடியாது, சலிப்பான வேலை. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். வேலியோரம் குவித்தால் அடுத்த மழையில் திரும்ப வந்துவிடும். ஆகவே கடகத்தில் அள்ளிக்கொண்டு போய் வாழையடியில் கொட்டினேன். வாழைக்கு அந்த வருசம் நல்ல காலம். குழாய்க்குள் கைவிட்டு இழுத்தால் பிஸ்கட் பையும் தேங்காய் மட்டையும் ஒருமுறை ஒற்றைச் சப்பாத்தும் வந்தன. பள்ளத்தை மட்டும் என்னால் வெல்ல முடியவில்லை. எவ்வளவு அள்ளினாலும் அடுத்த நாள் அதே அளவு.

ஒரு காலை அந்தப் பள்ளத்தில் சைக்கிள் சறுக்கியது. நான் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம். மூடி கழன்று, சிவந்த தண்ணீரில் பால் வெள்ளையாகச் சுற்றிச் சுற்றிப் பரவியது. முன்வீட்டு நாய் வந்து நக்கத் தொடங்கியது. அண்ணையின் மனைவி குசினியிலிருந்து பார்த்துவிட்டு ஒரு வாளி தண்ணீரோடு வந்தாள். என் காலுக்கும் கைக்கும் ஊற்றினாள். கேனைக் கழுவினாள். "அக்கா" என்று ஒருமுறை சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. பாலுக்காக அழுதேன் என்றுதான் மகளிடம் சொன்னேன்.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. விடாமல் நாள்கணக்கில் பெய்தது. ஊர் வயல்களுக்குத் தண்ணீர் தருகிற பெரிய குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருக்கிறார்கள், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று காலையில் சொல்லிக்கொண்டு போனது. றோட்டுக்கரை வாய்க்கால் நிரம்பி முட்டிவிட்டது. வெளியே போக வேண்டிய தண்ணீர் குழாயால் ஒழுங்கைக்குள் திரும்பி வந்தது. பள்ளம் நிரம்பி, பக்கத்து வேலிக்குக் கீழால் அவர்கள் வளவுக்குள் போகத் தொடங்கியது. எங்கள் வீட்டு அத்திவாரம் உயரம் என்பதால் எங்களுக்கு ஒன்றுமில்லை. படலையடியில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. அந்த மேடுதான் தண்ணீரை எங்கள் பக்கம் வரவிடாமல் மறித்து, அவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் மாட்டுக் கொட்டிலில் நின்றபோது அண்ணை படலைக்கு வந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. பின்னால் மனைவி நின்றாள்.

"தங்கச்சி, குசினிக்குள்ள வந்திட்டுது. அறைக்குள்ள நெல்லு மூட்டை கிடக்கு, விதைநெல்லும் அதுக்குள்ளதான். றோட்டுப் பக்கம் விட வழியில்ல. இந்த மேட்டை வெட்டி, உங்கட புல்லுக்குள்ளால பின்பக்கத்து வயல் கழிவு வாய்க்காலுக்கு விட்டாத்தான் தண்ணி இறங்கும்." முகத்திலிருந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்தார். பிறகு, "கேக்கக்கூடாதுதான்" என்றார்.

அந்தப் புல்லு என் மாடுகளின் சாப்பாடு. வளவின் பின்பக்கம் முழுக்க நான் தடி தடியாக நட்டு வளர்த்தது. ஒரு வெட்டு விழுந்தால், வெள்ளம் அதை இன்னும் அகலமாக அறுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் நெல்லு நனைந்தால் அந்த வீட்டில் ஒரு வருசம் போய்விடும்.

"எதாலை வெட்டினால் கெதியாப் போகும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நடுவால."

"அப்ப நடுவாலை வெட்டுவம். நான் வாய்க்கால் பக்கத்திலையிருந்து வெட்டிக்கொண்டு வாறன். நீங்கள் படலையிலையிருந்து வாங்கோ."

மகளும் அவருடைய மனைவியும் நெல்லு மூட்டைகளைத் தூக்கி எங்கள் விறாந்தைக்குக் கொண்டு வந்தார்கள். நாங்கள் வெட்டினோம். புல்லு வேர் கயிறு மாதிரி மண்ணைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கட்டியும் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. மழையில் அவர் இருக்கிற இடம்கூட எனக்கு வடிவாகத் தெரியவில்லை, மண்வெட்டிச் சத்தம்தான் கேட்டது. பாதி வழியில் என் மண்வெட்டியின் பிடி ஆடத் தொடங்கியது. நான் அதை ஒரு கல்லில் குத்திக்கொண்டு நிற்கிறபோது அவர் கிட்ட வந்துவிட்டார். தன்னுடையதை என் கையில் தந்துவிட்டு, என்னுடையதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து இறுக அடித்தார்.

பிறகு நான் வெட்டிய இடத்தைப் பார்த்து, "இது காணாது தங்கச்சி. இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க" என்றார்.

விடுங்க தங்கச்சி என்று மட்டுமே சொல்லிவந்த மனிதர். நான் ஆழமாக வெட்டினேன்.

கடைசி மேட்டை அவர் உடைத்ததும் தண்ணீர் ஒருமுறை தயங்கி, பிறகு இரைந்துகொண்டு பாய்ந்தது. இரண்டு பக்கமும் என் புல்லு படுத்துக்கொண்டது. மத்தியானமளவில் முன்வீட்டுக் குசினியின் தரை தெரிந்தது. கீழே கிடந்த சில மூட்டைகளின் அடி மட்டும் நனைந்திருந்தது. விதைநெல்லு தப்பிவிட்டது. அவளுடைய அடுப்பு கரைந்து போனதால் எங்கள் வீட்டில்தான் சமைத்தோம். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். அண்ணை விறாந்தையில் நெல்லு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளம் வடிந்த பிறகு புருசனும் பெண்சாதியுமாக வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தோம். வெட்டிய வாய்க்காலை மூடாமல் அப்படியே வைத்திருந்தால் பள்ளத்தில் இனித் தண்ணீர் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது என் வளவு.

"உங்களுக்குப் புல்லு நட்டம்" என்றார் அண்ணை. "எங்கட வேலியோரம் ஒழுங்கை நீளத்துக்குப் புல்லை நடுங்க. மண்ணையும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும். நீங்களே வெட்டி எடுங்க."

உறுதிகளில் வழிவாய்க்கால் என்று சேர்த்தே எழுதுவார்கள். எங்களுக்கு வழி அவர்கள் மண்ணிலும் வாய்க்கால் என் மண்ணிலும் அமைந்துவிட்டன.

பிறகு வேலையைப் பிரித்தோம். பள்ளமும் வாய்க்காலும் என்னுடையவை, றோட்டு வாசலும் குழாயும் அவருடையவை என்று சொன்னேன்.

"குழாய்க்குள்ள கை விடப் போறது நான்தான்" என்றாள் அவருடைய மனைவி. "அவர்ர கை உள்ள போகாது. பிறகேன் அத அவர்ர பங்கெண்டு சொல்லுறீங்க?"

அண்ணை தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். குழாய் அவளுடைய பங்கென்று ஆனது.

அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று சொல்லமாட்டேன். உழவு தொடங்கினால் அண்ணை வாசலை மறந்துவிடுவார். நான் வேலியில் நின்று கூப்பிடுவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு வருவார். ஒருமுறை மாட்டுக்குச் சுகமில்லாமல் நான் வாய்க்காலைக் கவனிக்கவில்லை. "தங்கச்சி, உங்கட வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு, பாக்கயில்லயா?" என்று அவர் படலையில் வந்து சத்தம் போட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போதே கோபம் போய்விட்டது. முன்பென்றால் அவர் பேசாமல் தானே வெட்டிவிட்டுப் போயிருப்பார், நானும் நன்றி சொல்லியிருப்பேன். பேச்சு வாங்குவது எனக்கு அதைவிட நன்றாக இருந்தது.

போன கோடையில் என் கணவர் லீவில் வந்தார். வந்த கையோடு முன்வீட்டுக்குப் போய், "அண்ணை, நான் வந்திட்டன். ஒழுங்கை அலுவலை இனி நானும் நீங்களும் கதைச்சுப் பாப்பம்" என்றிருக்கிறார்.

"அது நானும் தங்கச்சியும் கதைச்சு முடிச்ச விசயம் தம்பி" என்றாராம் அண்ணை. "நீங்க ரெண்டு மாசம்தான் நிக்கப் போறீங்க. ஒழுங்கைக்குக் கிரவல் மண் வருது, பரவ வாங்க."

கணவர் வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பரவப் போனார். கிரவல் கொண்டுவந்த டிப்பர் உள்ளே திரும்ப முடியாமல் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனது. லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி ஏற்றி, எல்லோருமாக ஒழுங்கை நீளத்துக்குப் பரவினோம்.

இந்த வருசம் பார்த்தால் பள்ளத்தடியில் கிரவல் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு லோட் போட்டால் சரி என்கிறார் அண்ணை. அடியில் கல்லுப் போடாமல் கிரவலைக் கொட்டினால் அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்கிறேன் நான். அவருடைய மனைவி கல்லுப் பக்கம். நேற்றும் வேலியில் நின்று கதைத்தோம், முடியவில்லை. மழை தொடங்குவதற்குள் ஏதோ ஒன்றைப் போட்டாக வேண்டும்.